ஒரு சாண் கீழே

ஜூலை 3, திங்கள்

வடக்கே ஒரு ராணுவ மைதானத்தில் நடந்த அறுநூறு மீட்டர் ரைஃபிள் போட்டியில் நொய்யல் ரைஃபிள் கிளப் அணி ஒன்பதாம் இடம் பெற்றது. போட்டிக்கு வந்திருந்த அணிகள் ஒன்பது.

செய்தி காலை பத்து மணிக்கு வந்தது. பத்தே காலுக்குள் குற்றவாளியும் கிடைத்துவிட்டான். நான்தான். துப்பாக்கி பிடித்தவர்கள் ஆறு பேர். அவர்களோடு விமானத்தில் போய்ப் பூரிக் கிழங்கு தின்றுவிட்டு வந்த நிர்வாகிகள் நாலு பேர். இவர்களில் ஒருவர்கூடத் தோற்கவில்லையாம். காந்திபுரத்தில் துப்பாக்கிச் சாமான் கடையை விட்டு நகராத சென்னியப்பன் தோற்றிருக்கிறான்.

கிளப் செயலாளர் வரதராஜ் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார்: "நம் வீரர்கள் சிறப்பாகச் செயல்பட்டனர். மென்பொருள் செயல்படவில்லை." அதற்குக் கீழே நாற்பது கைகூப்பு.

மூன்று வருஷமாகச் சொல்லியும் வரதராஜ் மண்டையில் ஏறாததை இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்த தடவை கேட்டால் படித்துக் காட்டலாம். குண்டு அறுநூறு மீட்டர் போய்ச் சேர்வதற்குள் பூமி அதைக் கீழே இழுத்துவிடும். எவ்வளவு இழுக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, துப்பாக்கி மேல் உள்ள ஸ்கோப்பின் திருகை எத்தனை கிளிக் ஏற்ற வேண்டும் என்று போனில் சொல்வதுதான் செயலியின் வேலை. குண்டின் எடை, கிளம்பும் வேகம், வெயில், காற்றழுத்தம், தூரம். இவ்வளவுதான் அது கேட்கும். கொடுத்ததை வைத்துத்தான் சொல்லும். சோழி உருட்டிச் சொல்லாது.

நான் விற்றது அமெரிக்கச் செயலி, கூடவே குண்டின் வேகத்தை அளக்கிற கருவி. இந்தக் கிளப்பில் மட்டும் இருபத்திரண்டு செட்.

லேத் பட்டறையில் இரும்புச் சீவல் கூட்டிய கையால் கடை வைத்தவன் நான். சென்னியப்பன் கடைச் சரக்கு சொன்னால் சொன்னபடி இருக்கும் என்ற ஒரு பேச்சைத்தான் பதினெட்டு வருஷமாக விற்கிறேன். மற்ற சாமானெல்லாம் அதற்கு அப்புறம்.

ஜூலை 4, செவ்வாய்

கடைக்கு வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள். ஒருவன் போகும்போது ஒரு காது அடைப்பான் வாங்கினான். அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினான்.

ஜூலை 5, புதன்

சுபேதார் தேவசகாயம் வந்தார். ராணுவத்தில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு, மார்த்தாண்டத்தில் ரப்பர் தோட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இங்கே மகள் வீட்டில் இருக்கிறார். அணித் தலைவர். அந்தக் கூட்டத்தில் ரைஃபிளை ரைஃபிளாகப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள்.

"ஓய் சென்னியப்பன், ஒரு காரியம் கேட்டேரா? ஆறு பேருக்கும் குண்டு ஒரே எடத்துல விழுந்து. இடமும் இல்ல, வலமும் இல்ல. நேரே கீழ. ஒரு சாண்."

"ஆறு பேரும் ஒரே மாதிரி தப்பாச் சுட்டிருப்பாங்க."

"தப்பாச் சுடுதவன் சிதறிப் போடுவான் வேய். இது ஆசாரி ஆணி அடிச்ச மாதி அடுக்கா இருக்கு. அடுக்கா, ஆனா கீழ."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"அஞ்சு குண்டு பாத்தேன். பொறவு போனைப் பாக்கெட்டுல போட்டுட்டு மூணு கிளிக் ஏத்தினேன். நடு வட்டத்துல, பத்துல விழுந்து. மத்த பயலுவ கிட்டயும் ஏத்துலே, ஏத்துலேன்னு சொன்னேன். போன் சொல்லலியே சார்ங்கான். நான் என்ன செய்ய?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பந்தி நடக்கிற இடத்தில் நின்றுகொண்டு, சாப்பிடச் சொல்லிப் போனில் அறிவிப்பு வரவில்லையே என்று பசியோடு நிற்கிற கூட்டம் இது.

பிறகு அவர் தன் போனை நீட்டினார். "இதைப் பாரும். தமிழ்ல ஒரு செயலி. பேரு வீச்சு. எந்த எடத்துக்காரன்னு தெரியல, ஆனா எழுதுனவனுக்குக் காரியம் தெரிஞ்சிருக்கு."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் ஆக்கியவர் பெயர். எழுதுனவன் இல்லை. எழுதுனவள். அம்சவேணி, சூலூர்.

தெரிந்த பெயர்தான்.

ஜூலை 6, வியாழன்

அம்சவேணி ஆறு வருஷம் என் கடையில் இருந்தாள். அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு வந்தவள். எந்த ஸ்கோப்புக்கு எந்தத் திருகு என்று பெட்டியைத் திறக்காமலே சொல்வாள். வாடிக்கையாளர் முன்னால் முதலாளியைத் திருத்தக்கூடாது என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது திருத்தினாள். நான் ஒரு வார்த்தை சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எதைத் திருத்தினாள் என்பது இப்போது முக்கியமில்லை.

டிபன் டப்பாவை விட்டுவிட்டுப் போனாள். இன்னும் கல்லாவுக்குக் கீழேயே இருக்கிறது. சும்மா இடத்தை அடைக்கிறது.

ஜூலை 8, சனி

வரதராஜ் கூப்பிட்டார். இந்த மனிதர் கெட்ட செய்தியைத் தேனில் குழைத்துத்தான் கொடுப்பார்.

"சென்னியப்பண்ணா, தப்பா நெனைக்காதீங். உங்க மேல எனக்கு எவ்ளோ மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். ஆனா கமிட்டில பேச்சு வேற மாதிரி போகுதுங்."

"கமிட்டிங்கறது நீங்களும் உங்க மச்சானும்தானுங்களே?"

"அட, கேளுங்ணா. வர்ற பதினாறாந் தேதி காலைல கிளப்புல ஒரு டெஸ்ட்டு. உங்க அமெரிக்கக்காரன், இன்னொரு பின்லாந்துக்காரன், அப்புறம் சுபேதார் சொல்றாரே அந்தத் தமிழ்ச் செயலி. மூணையும் புதுசாப் போட்டு ஒரே துப்பாக்கில சுட்டுப் பாத்துர்றது. உங்களுது தோத்துதுன்னா இருபத்திரண்டு செட்டும் நீங்களே எடுத்துக்கோங்க. மாநில சங்கத்துக்கும் ஒரு கடுதாசி போட்டுருவோம், மத்த கிளப்பாவது தப்பிக்கட்டும்னு."

அந்தக் கடுதாசி போனால் இந்த மாநிலத்தில் ஒரு பயல் என்னிடம் ஸ்கோப் துடைக்கிற துணிகூட வாங்கமாட்டான். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

இடம் கிளப்பின் புது ஏசி ஷெட். அது ஒரு தனி வேடிக்கை. மூன்று வருஷத்துக்கு முன் பழைய ஓட்டுக் கொட்டகையை இடித்துவிட்டு, கொஞ்சம் முன்னால் தள்ளிக் கட்டினார்கள். குளிர் அறையில் படுத்துக்கொண்டு சுடுகிற வீரர்களை அதுவரை நான் பார்த்ததில்லை. திறப்பு விழாவுக்கு ஐந்து வகை இனிப்பு. எல்லாரும் போய்த் தின்றோம். பழைய கொட்டகை இருந்த இடத்தை ஒட்டி இப்போது வரதராஜின் மனைப்பிரிவுக்குப் போகிற ரோடு ஓடுகிறது. சங்க நிலத்தில் ஒரு கீற்றை வெட்டித் தன் மனைக்கு வழி விட்டுக்கொண்டார். அதற்கும் கைதட்டினோம்.

ஜூலை 9, ஞாயிறு

மொட்டை மாடித் தொட்டியில் மிதவை வால்வு போய், இரவெல்லாம் தண்ணீர் வழிந்திருக்கிறது. நானே ஏறி மாற்றினேன். பிளம்பரைக் கூப்பிட்டால் வால்வைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடுவான்.

கீழே இறங்கினால் மனைவி ருக்மணி இட்டிலியை வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"ஏனுங், அந்தப் புள்ள அம்சா ஏதோ செயலி போட்டிருக்குதாமா?"

"யார் சொன்னா?"

"அதுதான் சொல்லுச்சு. மாசம் ஒருக்கா போன் பண்ணும்."

"மூணு வருசமாவா?"

"பின்ன, உங்ககிட்டயா பண்ணும்?"

சட்னியில் உப்பு அதிகம். சொன்னேன். "அப்படியா, எனக்குச் சரியாத்தான் இருக்குது" என்றாள்.

ஜூலை 11, செவ்வாய்

கடையில் ஆள் இல்லாததால் மூன்று செயலிகளையும் மூன்று போனில் போட்டு கவுண்டரில் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

அமெரிக்கச் செயலி நாற்பது கேள்வி கேட்கிறது. எந்தத் திசையைப் பார்த்துச் சுடுகிறாய், பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறாய் என்றெல்லாம். பூமி சுற்றுவதால் குண்டு எவ்வளவு விலகும் என்று கணக்கிடுமாம். நம் கிளப் ஆட்கள் சுடுகிற சுடலுக்குப் பூமி நின்று பார்த்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும். ஆனால் கணக்கு சுத்தம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பின்லாந்துச் செயலி பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. குண்டு பறப்பதை வளைவு போட்டுக் காட்டும், வண்ண வண்ணமாகக் கோடு மாறும். விரலால் இழுத்தால் வளைவும் ஆடும். வரதராஜுக்கு நிச்சயம் பிடிக்கும்.

வீச்சு, ரேஷன் கடை அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது. கறுப்பில் வெள்ளை எழுத்து. படமில்லை, வளைவில்லை. தமிழில் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் எடுத்த எடுப்பில் அது கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? "தூரம்: அளந்ததா, எழுதியிருந்ததா?"

இப்படி ஒரு கேள்வியை எவன் கேட்பான்? கிளப்பில் குறிப்பலகைக்கு மேலே ஆள் உயரத்துக்கு 600 என்று எழுதியிருக்கிறது. அந்தச் சனிக்கிழமை இருந்த மாதிரியே இருக்கிறாள், கொஞ்சமும் மாறவில்லை.

மூன்றிலும் ஒரே விவரத்தைக் கொடுத்தேன். மூன்றும் நாற்பத்துநான்கு கிளிக் என்றன. எந்த வித்தியாசமும் இல்லை. இதற்குத்தான் ஊரைக் கூட்டி டெஸ்ட்டு.

ஜூலை 13, வியாழன்

சுபேதாரோடு கிளப்புக்குப் போய் அவர் ரைஃபிள் குண்டின் வேகத்தை அளந்தேன். ஐந்து குண்டு, சராசரி விநாடிக்கு 790 மீட்டர். அவர் போனில் இருப்பது 820. இருபத்திரண்டு பேர் போனிலும் இப்படி முப்பது கூடுதலாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். நான்தான் ஏற்றச் சொன்னேன்.

காரணம் இருக்கிறது. புது ஷெட் திறந்த புதிதில் எல்லாருக்கும் குண்டு ஒரு சாண் மேலே போனது. செயலியிலேயே வழி இருக்கிறது: குண்டு விழுந்த இடத்தைச் சொன்னால், அதற்குத் தகுந்தபடி வேகத்தைத் தானே திருத்திக்கொள்ளும். திருத்தினோம். 820 ஆயிற்று; வேகம் கூடினால் கிளிக் குறையும், குண்டும் இறங்கிப் பத்தில் விழுந்தது. "குறி தவறினால் வேகத்தை ஏற்றவும்" என்று சிவப்பு எழுத்தில் அட்டையே அடித்து, செட்டுக்கு ஒன்று கொடுத்தேன். அப்படியானால் வேகம் அளக்கிற கருவி ஏன் 790 காட்டுகிறது என்று கேட்டவர்களிடம், அது சீனச் சரக்கு, கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும் என்றேன். அதை விற்றவனும் நான்தான். அன்றைக்குக் குறி விழுந்ததா இல்லையா? விழுந்தது. வியாபாரி அதற்கு மேல் என்ன பார்ப்பான்?



ஜூலை 15, சனி

நாளைக்கு அம்சவேணியும் வருகிறாளாம். சுபேதார் கூப்பிட்டிருக்கிறார். வரட்டும். மைதானம் என்ன என் பாட்டன் சொத்தா?

ஜூலை 16, ஞாயிறு

காலை ஆறரைக்கே ஆரம்பம். ஒன்பது மணிக்கு மேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழும்பிவிடும், அப்புறம் ஒன்றும் சுட முடியாது. அந்த நேரத்தில் அதுவும் இல்லை. மூலையில் கட்டிய கொடித் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். போட்டிக்கு ஆறு பேரைச் சேர்க்கவே கெஞ்ச வேண்டும். அடுத்தவன் கடை மூழ்குவதைப் பார்க்க முப்பது பேர்.

அம்சவேணி ஸ்கூட்டியில் வந்தாள். கொஞ்சம் பூசியிருக்கிறாள். "வணக்கமுங்க ஐயா" என்றாள். "ம்" என்றேன்.

சுபேதார் படுத்தார். வேகம் 790 என்று மூன்று போனிலும் புதிதாகப் போட்டோம். முதலில் அமெரிக்கச் செயலி, நாற்பத்துநான்கு கிளிக். ஐந்து குண்டு. குறிப்பலகைக்குப் பக்கத்தில் உள்ள கேமரா வழியாக ஷெட்டில் உள்ள டிவியில் தெரிந்தது. ஐந்தும் ஒரு கைப்பிடிக்குள், ஒரு சாண் மேலே. கூட்டத்தில் ஒரு கனைப்பு.

பின்லாந்து, அதே நாற்பத்துநான்கு. அதே ஒரு சாண் மேலே.

வீச்சு கணக்குச் சொல்லாமல் நின்றது. "தூரம்: அளந்ததா, எழுதியிருந்ததா?"

வரதராஜ் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏனம்மணி, அங்க எவ்ளோ பெருசா எழுதியிருக்குது, கண்ணு தெரியலையா?"

"தெரியுதுங்க" என்று சொல்லி அவள் "எழுதியிருந்தது" என்பதை அழுத்தினாள். விடை வந்தது: "44. நம்பிக்கை குறைவு." ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

ஐந்து குண்டு. ஒரு சாண் மேலே.

"மூணும் டுபாக்கூர்" என்றார் வரதராஜ். "சென்னியப்பண்ணா, வண்டி கொண்டாந்திருக்கீங்களா? இருபத்திரண்டு செட்டையும் இப்பவே ஏத்திரலாம்."

அம்சவேணி டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஏனுங், அமெரிக்காக்காரன் ஒரு பக்கம், பின்லாந்துக்காரன் ஒரு பக்கம், நான் சூலூர்ல அடுப்படில உக்காந்து எழுதுனவ. மூணு பேரும் ஒரே பொய்ய ஒரே சாண் கணக்குல சொல்லோணும்னா நாங்க கூடிப் பேசியிருக்கோணும். அங்க போட்டில ஒரு சாண் கீழ. இங்க ஒரு சாண் மேல. போன்ல தப்பில்லீங். தரைலதான் தப்பு."

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. திரும்பி ஷெட்டின் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய கொட்டகையின் சிமெண்டுத் தரை, அதன் மேல் வரதராஜின் மனை விளம்பரப் பலகை. அந்தத் தரையில் நான் படுத்துச் சுட்டிருக்கிறேன். அங்கிருந்து குறிப்பலகைக்கு அறுநூறு. இங்கிருந்து?

ஷெட்டை முன்னால் தள்ளினார்கள். பலகையை யாரும் பின்னால் தள்ளவில்லை. முப்பது பேர் இனிப்புத் தின்றோம். தூரம் அளக்கிற லேசர் கருவி பதினொன்று இந்தக் கிளப்பில் விற்றிருக்கிறேன். பதினொன்றும் கழுத்தில் பதக்கம் மாதிரி தொங்குகின்றன. எழுதியிருக்கிற தூரத்தை எவனாவது அளப்பானா?

பக்கத்தில் நின்றவர் கழுத்திலிருந்து ஒன்றைக் கழற்றி, பலகையைப் பார்த்து அழுத்தினேன். 572.

வரதராஜ் அதற்கும் தயாராக இருந்தார். "அதுவும் உங்க கடைச் சரக்குதானுங்களே!" மறுபடி சிரிப்பு.

நியாயமான பேச்சு. இனி நான் எதை நீட்டினாலும் பொய்தான். ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு கேட்டேன்: "உங்க சைட் ஆபீஸ்ல சைட் அளக்குற டேப்பு இருக்குமல்லங்க? அத எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"எதுக்குங்ணா?"

"அதை வச்சு அளப்போம். அது என் கடைல வாங்குனது இல்லீங்களே."

வரதராஜ் வெயில் ஏறிவிட்டது, டிபன் ஆறுகிறது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டேப்பால்தான் அவர் நாற்பது மனை அளந்து விற்றிருக்கிறார். கூட்டத்தில் மட்டும் ஒன்பது பேர் வாங்கியவர்கள். அதில் ஒருவர், ஜவுளிக்கடைக்காரர், மெதுவாக முன்னால் வந்தார்.

"ஏனுங் செயலாளரே, எதுக்கு யோசிக்கறீங்? அந்த டேப்பு சரியில்லீன்னா என்ர சைட்டு என்னாகறதுங்?"

டேப் வந்தது. முப்பது மீட்டர் டேப். ஒன்பது மனைக்காரர்களும் கூடவே நடந்தார்கள், பிடிக்க, குனிய, சுண்ணாம்பில் கோடு போட. பத்தொன்பது தடவை முழு டேப், இருபதாவதில் இரண்டு மீட்டர். ஐந்நூற்று எழுபத்திரண்டு.

"இருபத்தெட்டு மீட்டரு ஒரு விசயமாங்?" என்றார் வரதராஜ்.

"ஒரு விஷயமும் இல்ல" என்றார் சுபேதார். "ஒம்பதாம் எடம். அவ்வளவுதான்."

கணக்கு இப்போது எல்லாருக்கும் விளங்கியது. இங்கே குறை தூரத்துக்குப் பொருந்தும்படி வேகத்தை ஏற்றிப் பொய்யாகப் பழக்கிய போன்கள், அங்கே உண்மையான அறுநூறில் மூன்று கிளிக் குறைத்துச் சொல்லியிருக்கின்றன. இருபத்திரண்டு பேரும் அந்தப் பொய்யைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் மூன்று வருஷம் திரிந்திருக்கிறார்கள்.

என் சரக்கு பொய் சொல்லவில்லை. இதைச் சத்தமாகச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது சுபேதார் ரைஃபிள் பையின் ஓரப் பையிலிருந்து ஒன்றை எடுத்து டிவிக்குக் கீழே மேசையில் வைத்தார். சிவப்பு எழுத்து. குறி தவறினால் வேகத்தை ஏற்றவும். அடியில் என் கடைப் பெயர், முகவரி, இரண்டு போன் நம்பர்.

"இதையும் சேத்து வச்சுக்கிடணும்" என்றார். 

அம்சவேணி அட்டையைப் பார்த்தாள். பிறகு கொடித் துணியைப் பார்த்தாள். 

வீட்டில் தொட்டி வழிகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வால்வை நானே மாற்றி ஒரு வாரம் ஆகிறது.

ஜூலை 17, திங்கள்

வரதராஜ் குழுவில் போட்டிருக்கிறார்: "அறிவியல் பூர்வமான ஆய்வின் மூலம் நம் கிளப் தன் தூரத்தைத் துல்லியப்படுத்திக்கொண்டது." அறுபது கைகூப்பு. பலகையில் 600ஐ அழித்து 572 என்று எழுதப்போகிறார்களாம். ஷெட்டையோ ரோட்டையோ தொடமாட்டார்கள். நாளைக்கு அறுநூறு மீட்டர் போட்டி வந்தால் எங்கே பழகுவார்கள் என்று கேட்க அந்தக் குழுவில் ஆளில்லை.

செட்டு எதுவும் திரும்பி வரவில்லை. கடுதாசியும் போகாது. அட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ரொம்ப மரியாதையாகப் பேசாமல் இருக்கிறார்கள். நேற்று வண்டி கொண்டுவந்தீர்களா என்று கேட்ட வாய்கூட இன்று "சாப்பிட்டீங்களாங்ணா" என்கிறது. இதற்கு அவர்கள் செட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை அவள் சொன்னதை எழுதிவிடுகிறேன். நம் ஊரில் எழுதியிருந்தால்தானே நம்புகிறார்கள். "ஐயா, வேகம் நாம அளந்த வேகமுங்க. குண்டு மேல போச்சுன்னா வேகத்தை மாத்தாதீங்க. மத்ததுல எது மாறுச்சுன்னு பாருங்க." ஷெட் திறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தை: "சம்பளத்துக்கு நிக்கறவ எனக்குக் கணக்குச் சொல்லாத."

ஒரு வார்த்தை இல்லை. எண்ணிப் பார்த்தால் ஐந்து வருகிறது.

ஜூலை 18, செவ்வாய்

தூறல். அட்டை இன்னும் இரண்டு கட்டு மிச்சம் இருந்தது. கிழிக்கப் பார்த்தேன். கெட்டியான தாள், சீக்கிரம் கிழியவில்லை. என் தேர்வு.

ஜூலை 20, வியாழன்

சூலூர் போனேன். சூலூரில் வேறு வேலை எதுவும் இல்லை. ருக்மணி தானும் வருவேன் என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வழி அவளுக்குத்தான் தெரிந்தது.

சின்ன வீடு. அடுப்படி மேடையில் உண்மையாகவே லேப்டாப் இருந்தது, மிக்ஸிக்குப் பக்கத்தில். டிபன் டப்பாவை மேசை மேல் வைத்தேன்.

"இது உன்னுது. கடைல இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடந்துது."

அவள் திறந்து பார்த்தாள். "கழுவி வச்சிருக்கீங்க."

"ருக்மணி கழுவுனா."

"நானெங்க கழுவுனேன்?" என்றாள் ருக்மணி. "எனக்கு இப்படி ஒரு டப்பா இருக்கறதே இன்னிக்குத்தான் தெரியும்."

மனைவியைக் கூட்டிக்கொண்டு வியாபாரம் பேசப் போகக்கூடாது. நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"அமெரிக்கக்காரன் கணக்குல தப்பில்ல. ஆனா இங்க இருக்கறவனுக்கு அவன் கேக்குற கேள்வி ஆகாது. நீ கேக்குற கேள்விதான் ஆகும். வீச்சை என் கடைல வச்சு விக்கறேன். எட்டு மாவட்டம் எனக்குக் கொடு."

"எந்தக் கேள்விங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"நீங்க சொல்லுங்க ஐயா."

"அளந்ததா, எழுதியிருந்ததாங்கறது."

அவள் சிரிக்கவில்லை. காபி வைத்தாள். சர்க்கரை போடாமல் கொடுத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே டாக்டர் சொன்னது, அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றேன்.

"எதுங்க? வேகமா, மத்ததா?"

"ரெண்டும்."

பிறகு பேரம். நான் பாதிக்குப் பாதி என்றேன். அவள் எழுபதுக்கு முப்பது என்றாள். அடுப்படியில் உட்கார்ந்து எழுதியதற்கு இவ்வளவா என்றேன். "காந்திபுரத்துல கல்லாவுல உக்காந்து விக்கறதுக்கு அவ்ளோவாங்க?" என்றாள். இந்தப் பேச்சையெல்லாம் என் கடையில்தான் கற்றிருக்கிறாள், வேறு எங்கும் கிடைக்காது. ருக்மணி அவள் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

முடிந்தது இப்படி. வருஷச் சந்தாவில் அவளுக்கு எழுபது பங்கு, எனக்கு முப்பது. கோயம்புத்தூர் தொடங்கி எட்டு மாவட்டம், மூன்று வருஷத்துக்கு. முதல் கேள்வியை எந்த வாடிக்கையாளர் சொன்னாலும் செயலியிலிருந்து எடுக்கக்கூடாது, வரதராஜ் சொன்னாலும். பழைய இருபத்திரண்டு பேருக்கும் முதல் வருஷம் இலவசம், அது என் செலவு. அவர்களிடம் உள்ள சிவப்பு எழுத்து அட்டையை நானே ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய், தப்பு என்று சொல்லித் திரும்ப வாங்க வேண்டும். ஆள் அனுப்பக்கூடாது. சனிக்கிழமை தோறும் அவள் கடைக்கு வந்து சொல்லிக்கொடுப்பாள். வாடிக்கையாளர் முன்னால் நான் குரலை உயர்த்தினால் அந்த மாதம் என் முப்பதும் அவளுக்கு.